பந்திக்குத் தூக்குவாளியோடு வந்த அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று வீடு தேடி வந்திருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் வணக்கம். இந்த நினைவு மலரை அச்சடிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட சித்தப்பா, "யாரையும் நோகடிக்காம நாலு நல்ல வார்த்த எழுதிக் குடு மக்கா" என்று என்னைக் கேட்டுக்கொண்டார். அப்பாவைப் பற்றி எழுத நல்ல வார்த்தைகள் நிறையவே இருக்கின்றன. மற்றவர்களுக்கு எங்கே போய்த் தேடுவது என்றுதான் தெரியவில்லை.

அப்பா குருவிகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தார். மழை இல்லாத வருஷங்களில் படிப்பை விட்டுவிட்டுச் சங்கரன்கோவிலுக்கு வந்து, ஒரு பாத்திரக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதே தெருவில் சொந்தமாகக் கடை வைத்தார். எனக்கு நினைவு தெரியும் முன்பே அம்மா காலமாகிவிட்டார். அப்பாவுக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைக்க நம் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் மறுத்ததும் அதே சுறுசுறுப்போடு கேலியில் இறங்கினீர்கள். ஓர் ஆண்பிள்ளை மகளுக்குச் சோறு வடிக்கிறான் என்பது உங்களுக்கு வருஷக்கணக்கில் அலுக்காத வேடிக்கையாக இருந்தது. அதே வேடிக்கையை அத்தனை வருஷம் ரசிக்க எவ்வளவு சின்ன மனசு வேண்டும் என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது காய்ச்சல் வந்தது. தொண்டை வீங்கி, கழுத்தில் நெறி கட்டியது. காய்ச்சல் விட்டது, வயிறு விடவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டாலே நெஞ்சுக்குழிக்குக் கீழே எரியும், குமட்டும். மாதக்கணக்கில் இப்படியே போய், சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டேன். உடனே உறவில் எல்லோரும் வைத்தியர்கள் ஆனார்கள். குடல் ஏறிக்கிடக்கிறது என்று ஒருவர் எண்ணெய் தடவி என் வயிற்றைப் பிசைந்தார். இன்னொருவர், தொண்டையில் சிக்கிய உணவை ஊதி எடுப்பதாகச் சொல்பவர்களிடம் தொக்கம் எடுக்க அழைத்துப்போனார். என் தொண்டையில் சிக்கியிருந்ததாகச் சொல்லி ஏதோ ஒரு துணுக்கை அங்கே காட்டினார்கள். அப்படி ஒன்றை நான் தின்றதே இல்லை. கோயில் புற்றுமண்ணைக் கரைத்துக் குடிக்க வைக்க ஒரு பெரியவர் வந்தார். கோமதி அம்மனைக் கும்பிடாமல் கடை திறக்காத அப்பா, அந்த மண்ணைப் பணிவோடு வாங்கி என் நெற்றியில் பூசிவிட்டு, "அம்மன் நெத்தியிலேயே இருக்கட்டும் அண்ணாச்சி, வயித்த டாக்டர்ட்ட காட்டுதேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அப்பாவின் அக்கா, புளியங்குடி அத்தை, இவர்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரர். "அவளுக்கு ஒரு நோவும் கெடையாது. பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுக்க நடிக்கா" என்று அவர் கண்டுபிடித்தார்.

அப்பா என்னைத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போனார். குழந்தைகளின் வயிற்று நோய்களைப் பார்க்கும் ஒரு பெண் மருத்துவர், வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே இருந்து சிறிது சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அப்பாவை உட்காரவைத்துச் சொன்னார்: "காய்ச்சல் குடுத்த வைரஸ் வயித்தோட உள்சவ்வுல இன்னும் இருக்கு. சவ்வு வீங்கிப் புண்ணாகியிருக்கு. பொண்ணு நடிக்கல, நெஜமாவே வலிக்குது."

"சரியாயிருமா டாக்டர்?"

"ஆகும், ஆனா நாள் எடுக்கும். நான் எழுதித் தர்ற மருந்தத் தவிர, வலிக்குதுன்னு கடையில மாத்திர வாங்கிக் குடுக்காதீங்க. காரம், புளிப்பு இப்போதைக்கு வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடட்டும்."

ஊர் திரும்பியதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "பொட்டப்புள்ள வயித்துக்குள்ள கொழாய விட்டுட்டு வந்திருக்கியே, நாளைக்கு எவன் கெட்டுவான்?" என்பது. வைரஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் உறவு வீடுகளில் எனக்குத் தனித் தம்ளர் வந்தது. எனக்கு நோயே இல்லை என்று சாதித்தவர்களும் தம்ளரை மட்டும் தனியாகத்தான் வைத்தார்கள்.

அன்று முதல் அப்பா எந்த விசேஷத்துக்குப் போனாலும் கடையிலிருந்து எடுத்த சின்னத் தூக்குவாளி ஒன்று அவர் கையில் இருக்கும். குழைந்த சோறும் பாசிப்பருப்பும் அதில் இருக்கும். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையில் அதை வைத்து, நான் விழுங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் தன் இலையில் கை வைப்பார். அழைத்த வீட்டுச் சோற்றை அவமதிக்கிறான் என்று நீங்கள் முகத்தைத் திருப்பினீர்கள். அப்பா விசேஷ வீட்டாரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். யாரிடம் போய்க் கேட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது, மருத்துவரிடம் போகத் தேவையில்லாத எரிச்சல்.

அத்தை மகனின் மறுவீட்டு விருந்தில் அது நடந்தது. அப்பா கைகழுவப் போன நேரத்தில் அத்தை என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஒங்கப்பன் பாக்கல, தின்னு மக்கா. தின்னா ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு அவனுக்கே தெரிஞ்சிரும்" என்று மட்டன் பிரியாணியை வாயில் திணித்தார். செரிக்கட்டும் என்று எலுமிச்சைச் சாறும் புகட்டினார். அவர் வீட்டில் எலுமிச்சை மண்டி இருந்ததால் உலகத்தின் எல்லா நோய்க்கும் மருந்து அங்கேயே மூட்டையில் கிடந்தது. சற்று நேரத்தில் நான் வாந்தி எடுத்தேன். காப்பித்தூள் நிறத்தில், இடையிடையே சிவப்பாக வந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் கண்ணேறு என்றார். இன்னொருவர் புதுப் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகினார்.

யாரிடமும் அதிர்ந்து பேசாத அப்பா அன்று கத்தினார். "எக்கா, எம் புள்ள வயிறு என்ன, நீங்க சரக்கு எறக்குத மண்டியா?" என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். விருந்துக்கு வந்த கார்கள் தெருவை அடைத்து நின்றன. ஒரு சாவியும் நீளவில்லை. ஆட்டோவில்தான் போனோம். மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா அழுததை நான் பார்த்தேன். என்னையும் இழந்துவிடுவோம் என்று அவர் பயந்தார். நான் பிழைத்தேன். மெல்ல மெல்ல, வருஷங்கள் கழித்து, காரமும் சாப்பிடுகிறேன்.

போன வருஷம் கடையிலேயே அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்தது. துட்டிக்குத் துக்கம் கேட்க வந்த அத்தை, "தாயாட்டம் வளத்தியே தம்பி" என்று மாரில் அடித்துக்கொண்டார். அப்பா தாய் போல வளர்த்த காலத்தில் அத்தை என்ன சொன்னார் என்பது எனக்கு மனப்பாடம்.

இனி நன்றி. என் வயிற்றைக் காப்பாற்றிய மருத்துவருக்கும், அப்பா என்னோடு திருநெல்வேலியில் கிடந்த நாட்களிலெல்லாம் பாத்திரக்கடையைத் திறந்து நடத்திய பக்கத்துக் கடை அண்ணாச்சிக்கும் நானும் என் பிள்ளைகளும் கடன்பட்டிருக்கிறோம். மற்றவர்கள் இந்தப் பத்தியில் தங்களைத் தேட வேண்டாம்.

பதினாறாம் நாள் காரியத்தன்று உங்களில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "எங்க வீட்டுச் சின்னதுக்குக் காய்ச்ச விட்ட பெறவு சோறே எறங்க மாட்டேங்கு. ஒங்கப்பா எந்த டாக்டர்ட்ட காட்டுனாவ? வெளிய சொல்லிராத தாயி" என்று கேட்டீர்கள். கேட்டது எந்த வாய் என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. படியில் அந்தக் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாளே நான்தான் அதைக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியம் இன்னும் நடக்கிறது. யார் வீட்டுக் குழந்தை என்று எழுத மாட்டேன். உங்கள் நாக்கு எனக்குத் தெரியும்.

அது யார் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, இன்றைய பந்தியில் குழந்தைகள் எல்லோருக்கும் குழைந்த சோறும் பாசிப்பருப்பும்தான். நானே வடித்தேன், நானே பரிமாறுவேன். அவர்கள் இலைப்பக்கம் வேறு யார் கையும் வரக்கூடாது.