கதவுக்குத் தாங்கிய டைனோசர்

எங்கள் ஊர் பிரோல்கா கிரீக்கில் ஒருவனை நம்ப முடியாது என்று சொல்ல வேண்டுமானால், "அவன் கதவுக்குத் தாங்க மாட்டான்" என்போம். கதவு என்றால் கோரல் ஹன்ராஹன் வீட்டிலிருந்து திறந்த பின்வராந்தாவுக்குப் போகும் கொசுவலைக் கதவு. அதன் ஸ்பிரிங் பொல்லாதது. கையை விட்டால் போதும், வீடே அதிரும்.

கோரல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வயது அறுபத்து மூன்று. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் மதியம் மூன்று மணிவரை பொழுது அவளுடையது. அந்தப் பொழுதெல்லாம் பிளாஸ்டிக் கட்டைகளைக் கோத்து டைனோசர் கட்டுவதில் போகிறது. வேலி போடக் குழி தோண்டினால் நிஜ டைனோசர் எலும்பு அகப்படும் ஊரில் இதென்ன பைத்தியம் என்று நானும் கேட்டிருக்கிறேன். "அதுக்கு வால் கிடைச்சா தலை கிடைக்காதுடி. இதுல எல்லாம் ஒரே பெட்டியில இருக்கு" என்றாள். இப்போது வீட்டில் இருநூற்றுப் பதினான்கு நிற்கின்றன. அவள் கணவன் டெஸ் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகி ஒன்பது வருடமாகிறது.

கட்டுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் மதிப்புரை சொல்லி வீடியோ போடுவாள். தபால் நிலையம் என் பொறுப்பு. பெட்டி என் கையால்தான் போகிறது. அதனால் மதிய இடைவேளையில் போனைப் பிடித்துப் படமெடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. கோரலின் விதிகள் கறார். துண்டுகளை முதலில் எண்ணக் கூடாது, வாங்குகிறவர்கள் யார் எண்ணுகிறார்கள்? ஒரு துண்டு குறைந்தால் மூன்று மதிப்பெண் போகும். கூடுதலாக இருந்தால் அரை மதிப்பெண் போகும், கணக்குத் தெரியாதவன் கட்டிய பை என்று. கடைசியில் பொம்மையை வராந்தா மேசையில் நிறுத்திக் கதவை மூன்று முறை அறைவாள். பெரிய பெரிய கம்பெனிப் பெட்டிகளெல்லாம் அங்கே வாலை உதிர்த்திருக்கின்றன. பத்துக்குப் பத்து இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. சொன்ன தீர்ப்பை மாற்றியதும் இல்லை.

போன ஆகஸ்டில் டாஸ்மேனியாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ரூத் பென்டர் என்ற பெண், தம்பியோடு சேர்ந்து கார் கொட்டகையில் தயாரித்த முதல் பொம்மை. எங்கள் பக்கத்து மண்ணில் கிடைத்த, கைநகம் நீண்ட வேட்டை டைனோசர். எங்கள் ஊர் அருங்காட்சியகக் கடையைப் பார்த்துக்கொள்ளும் வாரன் அதை விற்க ஆசைப்பட்டான். "கோரல் நல்லாருக்குன்னா அடுக்கிடுறேன். இல்லைன்னா வேணாம்" என்று ரூத்துக்கே எழுதிவிட்டான். அந்தக் கடை கிடைத்தால்தான் இரண்டாவது பொம்மை, இல்லாவிட்டால் கொட்டகையில் மறுபடி காரை நிறுத்த வேண்டியதுதான் என்று ரூத் பெட்டிக்குள் வெள்ளந்தியாக ஒரு சீட்டு வைத்திருந்தாள்.

கோரல் வராந்தா மேசையில் இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினாள். அழகென்றால் அப்படியோர் அழகு. கதவை மூன்று முறை அறைந்தாள், வால்கூட ஆடவில்லை. ஆனால் ஆறு வெள்ளை நகங்களில் நான்குதான் இருந்தன.

"இன்னொரு தடவை தேடிப் பாரேன்டி. பாவம் அந்தப் பொண்ணு" என்றேன்.

"தேடியாச்சு. டெஸ்ஸோட சட்டைப்பை, நாயோட வாய், எல்லாம் பார்த்தாச்சு. பாவம்னு பார்த்தா நான் எதுக்கு மதிப்புரை சொல்றேன்? நீ போனை நேராப் பிடி."

இரண்டு துண்டுக்கு ஆறு போய், நான்கு மதிப்பெண். வாரன் கடையில் அதற்கென்று ஒதுக்கியிருந்த அலமாரித் தட்டு காலியாகவே கிடந்தது. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். கோரலுக்குக் குற்றம் பார்ப்பதுதான் சுற்றமே. அன்று எனக்கு அவள்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. ஒரு வாரம் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை.

ரூத் சண்டை போடவில்லை. ஒவ்வொரு பையையும் சமையலறைத் தராசில் எடை பார்த்துத்தான் ஒட்டுகிறோம், எப்படித் தவறியதென்று தெரியவில்லை, மன்னியுங்கள் என்று எழுதி, இரண்டு நகங்களை அனுப்பியிருந்தாள். அதைக் கொடுக்கத்தான் மறுபடி போனேன். கோரல் நகங்களை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் எடுக்க உள்ளே போனாள். நான் பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தூணிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பறவை மேசைமேல் குதித்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. ஒரு நகத்தைக் கவ்விக்கொண்டு போனது. நான் வாயைப் பிளந்து நிற்கும்போதே திரும்பி வந்து இன்னொன்றையும் கொண்டுபோனது.

"கோரல்! உன் திருடன் போறான்டி!"

இருவரும் ஓடினோம். டெஸ்ஸும் ஓடி வந்தான். கொட்டகைக்குப் பின்னால் புதரடியில் பவர்பேர்டின் பந்தல். ஜோடியை அழைக்க ஆண்பறவை குச்சிகளால் கட்டி, முன்னால் வெள்ளைப் பொருளாகப் பரப்பி வைக்குமே, அது. நத்தை ஓடுகள், வெயிலில் வெளுத்த கங்காரு எலும்புகள், அவற்றின் நடுவே, நல்ல இடமாகப் பார்த்து, நான்கு நகங்கள்.

கோரல் அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

டெஸ்தான் மெல்லச் சொன்னான். "யாருக்கும் தெரியாது கோரல். நகம் வந்து சேர்ந்துச்சு, மதிப்பெண்ணை ஏத்துறேன்னு சொல்லிடு. முடிஞ்சுது."

"எனக்குத் தெரியுமே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?" என்றாள். பிறகு என்னிடம், "போனை எடுடி. இங்கயே எடு" என்றாள்.

தலைகூட வாரவில்லை. புதருக்கு முன்னால் மண்டியிட்டபடியே பேசினாள்.

"ரூத், உன் பெட்டியில ஒண்ணும் குறையல. என் வீட்டுலதான் காணாமப் போச்சு. எண்ணிப் பார்க்காம, என் வராந்தாவைச் சந்தேகப்படாம, உன்னைச் சந்தேகப்பட்டேன். தப்பு என்னோடது. இன்னொண்ணு சொல்றேன், எல்லாரும் கேளுங்க. ஒன்பது வருஷமா என் மேசையில வெள்ளைத் துண்டு கிடக்குது. இவன் ஒண்ணைக்கூடத் தொட்டதில்ல. இந்த நகத்தை மட்டும் எலும்புன்னு நம்பி எடுத்திருக்கான். இதுக்கு மேல எனக்கு என்ன மதிப்புரை தெரியும்? பொம்மைக்குப் பத்து. எனக்கு நாலு."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவளை எனக்கு இத்தனை பிடிக்கும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. பொம்மைக்கு வேண்டிய இரண்டு நகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பறவைக்கே விட்டுவிட்டு வந்தோம்.

வாரன் அந்த வாரமே தட்டை நிரப்பினான். நிரப்பியது பள்ளி விடுமுறைக்குள் தீர்ந்தது.

போன மாதம் ரூத்தின் இரண்டாவது பெட்டி வந்தது, கழுத்து நீண்ட தாவர உண்ணி. இந்த முறை கோரல் மேசையில் துணி விரித்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடித்து நிமிர்ந்தாள்.

"ரெண்டு நகம் கூடுதலா இருக்கு."

"அப்ப அரை மதிப்பெண் போச்சா?" என்று சீண்டினேன்.

பையின் அடியில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டை என்னிடம் நீட்டினாள். 'பறவைக்கு' என்று எழுதியிருந்தது.

"வாயை மூடுடி" என்றாள். கூடுதல் நகங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனாள். கொசுவலைக் கதவை அவள் சத்தமில்லாமல் சாத்தியதை அன்றுதான் பார்த்தேன்.