மொபெட் ஏறாத பாலம்

ஒரு வாரமாக ஆவடி மேம்பாலத்தில் ஏறவே எனக்குக் கூசுகிறது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா சம்பளத்துக்கு எட்டிய ஒரே வண்டி ஒரு மொபெட். வெள்ளானூரிலிருந்து எங்கள் மூன்று பேரையும் அதுதான் சுமந்தது. மூன்று பேரோடு மேம்பாலம் ஏறுவது மட்டும் அதற்கு ஆகாது. பாலத்தடியில் அப்பா நிறுத்துவார்; அம்மா சொல்லாமலே இறங்கி நடப்பாள். நானும் அப்பாவும் அந்தப் பக்கம் போய்க் காத்திருப்போம். அவள் நடந்து ஏறுவதை ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

போன வாரம் அவளை முட்டிவலிக்காக டாக்டரிடம் கூட்டிப்போனேன். என்னுடையது புது பைக்; பாலமெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பாலத்தடியில் லாரி ஒன்று குறுக்கே திரும்பியதால் நிறுத்தினேன். வழி கிடைத்ததும் முறுக்கினேன். ஏறும்போதே அர்ச்சனையைத் தொடங்கிவிட்டேன்.

"சொன்னா கேக்குறியா? மாத்திரைய ஒழுங்கா போடறதில்ல. படி ஏறாதன்னா ஏறுற. அப்பால ராவெல்லாம் வலிக்குதுன்னு முனகிகினு கீற."

பதில் இல்லை. அதற்கும் எரிச்சல் வந்தது. பாலம் இறங்கியதும், "காதுல உழுதா இல்லியா?" என்று திரும்பினேன். பின்சீட் காலியாக இருந்தது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பாலத்தின் உச்சிவரை திரும்பி ஓடினேன். கைப்பிடிச்சுவரைப் பிடித்து, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து அம்மா ஏறி வந்துகொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"இன்னா நைனா, வண்டி திணறாம ஏறிச்சா?"