புராஸ்டேட்டுக்கு உரக்கடை வைத்தியம்

திராட்சை விவசாயியான என் அண்ணனுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருக்கலாமென்று சந்தேகித்து, தேனி மருத்துவர் திசுப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து மூன்று மாதமாகிறது. அண்ணன் போகவில்லை. கம்பத்து உரக்கடைக்காரர் பரிந்துரைத்த துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை நாளுக்கு நான்காக விழுங்கிவருகிறார்.

இன்று அண்ணனோடு போய் அந்த மேதையைத் தரிசித்தேன்.

"திராட்சைக்கு ஜிங்க் அடிச்சா கொடி தேறுதுல்ல சார்? மனுசனுக்கும் அதேதேன். டாக்டருக பயங்காட்டுவாக," என்றார்.

பணிவோடு கேட்டேன்: "கொடி வெளுத்தா உடனே ஜிங்க் அடிச்சிருவீகளா?"

பதறிவிட்டார். "அதெப்படி? எலைக்காம்பைப் பறிச்சு லேபுக்கு அனுப்பி, என்ன கொறைன்னு பாத்துட்டுத்தேன் அடிக்கணும்."

"ஆமாடா தம்பி, டெஸ்ட் பண்ணாம நான் ஒரு சொட்டு அடிக்க மாட்டேன்," என்றார் அண்ணன்.

அடுத்த பிறவியில் திராட்சைக் கொடியாகப் பிறந்தால்தான் அவருக்குப் பரிசோதனை வாய்க்கும் போலிருக்கிறது. இப்பிறவியிலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப யாரிடமேனும் யோசனை உண்டா?