தெருவை இறக்கிய அக்கா

முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், எங்கள் தெருவினருக்கும், அக்காவோடு தையல் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம்.

"அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது" என்று என்னிடம் இந்த நினைவு மலரின் பக்கங்களைக் கொடுத்தார்கள். அக்காவைப் பற்றி நல்லதாக எழுதுவது கஷ்டமே இல்லை. ஆனால் நான் செய்த தவற்றை விட்டுவிட்டு எழுதினால் அவர் செய்தது இன்னது என்று உங்களுக்குப் புரியாது. ஆகவே இரண்டையும் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா ராயபுரத்தில் பிறந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஒரே அறை கொண்ட வாடகை வீட்டில் நாங்கள் நால்வர் இருந்தோம். திருவொற்றியூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், அப்பா அங்கே சிறியதாக ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். அப்போது அது மண் தெரு. மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று மூன்று படி உயரம் வைத்துக் கட்டினார். "கடலே வந்தாலும் மூணாவது படிய தாண்டாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். கடல் வரவில்லை, ரோடு வந்தது.

அம்மா போனபோது அக்கா பத்தாம் வகுப்பில் இருந்தார். பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டியவர் பிறகு அதை எடுக்கவில்லை. அடுப்பைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஐந்து வயது இளையவனான என்னைப் படிக்க வைத்தார். வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் ரவிக்கை தைக்கப் போனவர், சில வருடங்களில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் செக்கர் ஆனார். தைத்து முடித்த சட்டையைப் பிரித்துப் பார்த்து, தையல் விட்டிருக்கும் இடத்தில் ஒரு சிறிய சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். இதுதான் செக்கர் வேலை. அதில் அக்கா ஒருநாளும் யாரையும் திட்டியதில்லை என்று அவரோடு இருந்தவர்கள் சொல்வார்கள். ஏன் என்று நான் கேட்டிருக்கிறேன். "திட்டினா அவன் என் மூஞ்சிய பாப்பான். ஸ்டிக்கர் ஒட்டினா தப்ப பாப்பான்" என்றார்.

மணலியில் டேங்கர் லாரி ஓட்டியவருக்கு வாழ்க்கைப்பட்டார். மாமா தங்கமானவர். நெஞ்சுவலி வந்து நான்கே வருடத்தில் போய்விட்டார். பிள்ளை இல்லை. திரும்பி வந்த மகளுக்கு அப்பா வீட்டின் பின்கட்டைக் கொடுத்தார். முன்கட்டு எனக்கு. என் இரண்டு பெண்களும் பள்ளி முடிக்கும்வரை அத்தை தைத்த யூனிஃபார்மைத்தான் போட்டார்கள். அவர்கள் தலைவாரிக்கொள்ளப் போவதும் பின்கட்டுக்குத்தான்.

இனி தெருவின் கதை. ஊர் வளர்ந்தது. நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. கண்டெய்னர் லாரிகள் நெருக்க, தனி வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. சில வருடங்களுக்கு ஒருமுறை புது ரோடு வந்தது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தாரையும் ஜல்லியையும் கொட்டி உருட்டிவிட்டுப் போவார்கள். முதல் ரோட்டில் அப்பாவின் கீழ்ப்படி போனது. அடுத்ததில் நடுப்படி போனது. ஒவ்வொரு தடவையும் நாங்கள் கை தட்டினோம். கவுன்சிலருக்கு மாலை போட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். கடைசியில் மூன்றாவது படியும் போய், தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகும் நிலை வந்தது. அதைப் பார்க்க அப்பா இல்லை.

நான் என்ன செய்தேன்? முன்கட்டின் தரையை ஓர் அடிக்கு மேல் உயர்த்திக்கொண்டேன். கூரை உயரவில்லை, தரைதான் உயர்ந்தது. அதனால் வாசல் நிலையின் மேற்கட்டையில் வாரம் ஒருமுறை தலையை இடித்துக்கொண்டேன். "உன் தம்பி வூட்டுக்குப் போனா மரியாதையா குனிஞ்சுதான் போவணும்" என்று எதிர்வீட்டு காதர் பாய் அக்காவிடம் கேலி செய்வார். அக்காவின் பின்கட்டுக்குத் தகரக் கூரை. தரையை உயர்த்தினால் மின்விசிறி தலையில் இடிக்கும். அவரால் எதுவும் செய்ய முடியாது. தெருத் தண்ணீர் என் வாசலில் முட்டித் திரும்பி, பக்கத்துச் சந்து வழியாக அவர் அறைக்குத்தான் போகும். இது எனக்குத் தெரியாது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால், நான் போய்ப் பார்க்கவில்லை.

மறுபடியும் ரோடு போடப் போகிறார்கள் என்ற சேதி வந்தது. அக்கா அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தார். பழைய ரோட்டைச் சுரண்டிய பிறகுதான் புதியது போட வேண்டும் என்று அரசு உத்தரவே இருப்பதை எங்கோ கேட்டறிந்து, மண்டல அலுவலகத்துக்கு மனுவோடு கிளம்பிவிட்டார். முன்பெல்லாம் நகராட்சி அலுவலகம் நடந்து போகும் தூரம். "அப்போ திட்டுறதுக்காவது எதிர்ல ஒரு ஆளு குந்தினு இருப்பான். இப்போ டோக்கன் வாங்கிகினு நிக்கணும்" என்பார். ஆனாலும் நின்றார். வாரம் ஒருமுறை போனார்.

அங்கே உதவிப் பொறியாளர் ஒரு பெண். பொறுமையானவர்தான். "அம்மா, சுரண்டுற மெஷின் வேற ஏரியாவுல ஓடுது. அது வர்ற வரைக்கும் வெயிட் பண்ணா ஒதுக்கின நிதி திரும்பிப் போயிடும்" என்றாராம்.

"நிதி திரும்பிப் போனா மறுபடியும் வரும் மேடம். ஏறின ரோடு தானா எறங்குமா?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

தெருவில் அக்காவுக்கு ஆதரவு இல்லை. சுரண்டினால் வாரக்கணக்கில் தூசி பறக்கும். செலவழித்து வாசலை உயர்த்தியவர்களுக்கு ரோடு இறங்கினால் பைக்கை உள்ளே ஏற்ற முடியாது. அப்படி உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். ஆகவே அக்காவுக்கு எதிராக இன்னொரு மனு தயாரானது. 'தார்ச்சாலை உடனடியாகத் தேவை, காலதாமதம் ஏற்படுத்தும் கோரிக்கைகளைப் பரிசீலிக்க வேண்டாம்' என்று அதை எழுதியது கண்டெய்னர் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த நான்தான். முதல் கையெழுத்தும் என்னுடையது.

அந்த மனுவை அக்கா மண்டல அலுவலகத்தில் பார்த்துவிட்டார். பொறியாளரே எடுத்துக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் என்னைக் கூப்பிட்டுக் கொஞ்சம் மீன் குழம்பு கொடுத்தார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "கையெழுத்து சோக்கா கீது நைனா" என்றார். அவ்வளவுதான். 

அதற்கும் நான் திருந்தவில்லை. அந்த ஐப்பசியில் ஒரு காலை, மழையில் கரண்ட் போய்விட்டது. வீட்டின் மெயின் சுவிட்ச் பின்கட்டில் இருக்கிறது. அதை அணைக்க இறங்கிப் போனேன். கணுக்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர். அக்கா கட்டில்மேல் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தையல் மெஷினின் நான்கு காலுக்கடியிலும் மூன்று மூன்று செங்கல்.

"எப்பலேர்ந்துக்கா இப்படி?"

"நீ தரை ஒசத்தின வருசத்துலேர்ந்து. மொதல்ல ஒரு கல்லு வெச்சேன். பத்தல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? மறுபடியும் ஒட்ச்சி எறக்குவியா? எறக்கினா உன் வூட்லயும் தண்ணி, என் வூட்லயும் தண்ணி. எறக்க வேண்டியது ரோட்ட நைனா, உன் வூட்ட இல்ல."

கோபமே இல்லாமல் சொன்னார். நான் அந்தத் தண்ணீரில் நின்றபடியே அழுதேன். "சுச்ச ஆஃப் பண்ணிட்டு அழு, ஷாக் அடிக்கப் போது" என்றார்.

மறுநாள் மண்டல அலுவலகம் போனேன். என் மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். "எழுதினதும் நீங்கதான், வேணாங்கறதும் நீங்கதானா சார்?" என்று பொறியாளர் சிரித்தார். சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் சம்மட்டியை எடுத்து, பைக் ஏறுவதற்காக மழைநீர்க் கால்வாயை மறைத்து நான் போட்டிருந்த சிமெண்ட் சரிவை உடைத்தேன். சத்தம் கேட்டு வந்த காதர் பாய், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த சம்மட்டிய சாயங்காலம் எனக்கும் குடு" என்றார்.

அதற்குள் அக்காவின் சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் கையில் தையல் டேப்போடு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசல் தூணிலும் ரோடு தொடும் மட்டத்துக்கு நேராக, கீழ் விளிம்பு தார்மேல் படும்படி, ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். வீட்டுத் தரை எத்தனை அங்குலம் பள்ளத்தில் இருக்கிறது என்பதை அதன் மேலேயே எழுதினார். குனிய முடியாத நாட்களில் அவர் சொல்ல நான் ஒட்டினேன். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவைத்தானே சாத்த முடியும், தூண் வெளியில்தானே இருக்கிறது என்று அங்கேயும் ஒட்டிவிட்டு வந்தார்.

கடைசியில் மெஷின் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. தெருவின் இரண்டு முனையிலும் கொஞ்ச தூரம் சுரண்டி, போட்டோ எடுத்துக்கொண்டு, நடுவில் அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் தார் போட ஆட்கள் தயார். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர், "யக்கா, நீ கேட்டாமாரியே சுரண்டியாச்சு. இன்னும் இன்னா பேஜாரு?" என்றார்.

அக்கா அவரோடு சண்டைக்குப் போகவில்லை. பொறியாளருக்குப் போன் போடச் சொன்னார். அவர் வந்ததும் கையைப் பிடித்துத் தெருமுனைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஸ்டிக்கருக்குக் கீழே ஒரு சாண் தூண் வெளியே தெரிந்தது. பிறகு நடுத்தெருவுக்கு, எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"இங்க பாருங்க மேடம். சுரண்டியிருந்தா ஸ்டிக்கர் மேல நிக்கணும். தாரோட ஒட்டிக்கினு கீது."

பொறியாளர் அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். கதவைச் சாத்திக்கொண்டவர்கள்கூட இப்போது வெளியே வந்து, தங்கள் தூணைத் தாங்களே சுட்டிக் காட்டினார்கள். பொறியாளர் தெரு முழுவதும் நடந்துவிட்டு வந்து சூப்பர்வைசரிடம் சொன்னார்: "மெஷினைத் திரும்பக் கொண்டாங்க. முழுத் தெருவும் சுரண்டாம இந்த வேலைய நான் பில்லுக்கான அளவுப் புத்தகத்துல ஏத்த மாட்டேன்."

மெஷின் திரும்பி வந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்த அக்கா, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தூசி, காதைத் துளைக்கும் சத்தம். "உள்ள போக்கா" என்றேன். "நீ வேணா போ" என்றார். அடுக்கடுக்காகத் தார் பெயர்ந்து லாரியில் ஏறியதை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாயங்காலம்வரை பார்த்தார்.

அதிலிருந்து எட்டாம் நாள் காலையில் அக்கா எங்களை விட்டுப் போனார். காபி கேட்டார், நான் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். புதுத் தார் இன்னும் போடவில்லை. சுரண்டிய தெருவில் பாதாளச் சாக்கடை மூடிகள் துருத்திக்கொண்டு நின்றதால் அமரர் ஊர்தி உள்ளே வர முடியவில்லை. தெருமுனைவரை தோளில்தான் கொண்டு போனோம். வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "ஒரு சாவு எடுக்க முடியாதபடி தெருவ இப்படி நோண்டி வெச்சிருக்கானுங்களே" என்று முணுமுணுத்தார். எனக்கு முன்னால் தோள் கொடுத்திருந்த காதர் பாய் திரும்பிப் பார்க்காமல், "நோண்ட வெச்சதே இவங்கதான்பா, பாத்து நட" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். டயாலிசிஸ் நாட்களில் காத்திருந்து அழைத்து வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தன் மேலிடத்தில் பேச்சு வாங்கிக்கொண்டும் எழுத்தில் உறுதியாக நின்ற பொறியாளர் அம்மாவுக்கு நன்றி. காதர் பாய்க்கு நான் நன்றி சொன்னால் திட்டுவார், ஆகவே சொல்லவில்லை. என் மனுவில் கையெழுத்துப் போட்டுப் பிறகு வாசல் சரிவை உடைத்துக்கொண்ட ஒவ்வொரு வீட்டாருக்கும் நன்றி. உடைக்காத மூன்று வீட்டாரும் இந்த மலரை வாங்கியிருப்பீர்கள். நான் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்து கேட்பேன். அதற்கடுத்த ஞாயிறும் கேட்பேன்.

அக்கா போன பிறகு, சுரண்டிய பள்ளத்திலேயே புதுத் தார் போட்டார்கள். அடுத்து வந்த ஐப்பசியில் முதல் பெரிய மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் காலையில் பின்கட்டுக்கு இறங்கிப் போனேன். பயந்துகொண்டேதான் கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு அறை முழுவதும் நடந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

அக்கா வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி