மலையில்லாத ஊரிலிருந்து மலை ஓட்டத்துக்கு

எழுபதுகளில் விருத்தாசலத்தில் வயது வந்த ஆள் ஒருவன் ரோட்டில் ஓடினால், ஒன்று அவன் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும், இல்லையென்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகியிருக்க வேண்டும். பெண்ணாடம் ரோட்டில் நான் ஓட ஆரம்பித்த முதல் வாரம், கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பதறினார்.

"ஏறிக்குங்க, ஏறிக்குங்க! யாருக்கு என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலைங்க. சும்மாதான் ஓடுறேன்."

"சும்மாவா?" என்றார். அப்புறம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பீங்கான் தொழிற்சாலையில் சூளைப் பக்கம் வேலை. தொழிற்சாலை விளையாட்டு விழாவில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கென்று ஓர் ஓட்டம் வைத்தார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் ஓடினோம். நான் முதலாவதாக வந்தேன். பரிசாக நாங்களே செய்த ஊறுகாய் ஜாடி ஒன்றை எனக்கே கொடுத்தார்கள். மற்றவர்கள் மரத்தடியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அது சீராகிவிட்டது. இன்னொரு முறை ஓடச் சொன்னால் ஓடியிருப்பேன். இப்படி ஓர் உடம்பு என்னிடம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

என் மனைவி தடுக்கவில்லை. "ஓடுறது ஓடுங்க. வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு மட்டும் ஓடாதீங்க, தெருவே பாக்குது. ஒரு அரைக்கால் சட்ட தச்சிக்குங்க" என்றாள்.

கடைவீதியில் ஜாடியும் கப்பு சாசரும் விற்கும் பாய் ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். ஒரு நாள் அவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, "அண்ணே, கடையில குந்திக் குந்தி இது வந்துட்டுது. நானும் ஒங்ககூட வரட்டுமா?" என்று கேட்டார். முதல் நாள் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மைல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் மறுநாளும் வந்தார். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவரும் நானும் பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு ஆகிவிட்டோம்.

அவருடைய கடைக்குச் சரக்கு எடுக்க வந்த சேலத்து வியாபாரி ஒருவர்தான் அந்தப் போட்டியைப் பற்றிச் சொன்னார். ஏற்காட்டில், மலை மேலேயே ஏறியும் இறங்கியும் பதின்மூன்று மைலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓட வேண்டுமாம். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், வயசுக் கணக்கு கிடையாது.

"போவலாமா பாய்?" என்றேன்.

"போவலாம். ஆனா ஏறிப் பழகணுமே. நம்மூருக்குப் பேர்லதான் மலை இருக்குது."

உண்மைதான். விருத்தாசலம், அதாவது பழமலை, என்று பெயர் வைத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தரையாகக் கிடக்கும் ஊர் எங்களுடையது. கடைசியில் மணிமுத்தாற்றைப் பிடித்தோம். ஆற்று மணலில் இறங்கி, செங்குத்தான கரையில் ஏறுவோம். மறுபடி இறங்குவோம், மறுபடி ஏறுவோம். குளிக்க வந்தவர்கள் எங்கள் பொருள் ஏதோ தொலைந்துவிட்டதென்று நினைத்து, அவர்களும் மணலில் தேடினார்கள். மூன்று மாதத்தில் கரை எங்களுக்குச் சமதரை மாதிரி ஆகிவிட்டது. முடியும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சூளை வாயில் நின்று வெந்த உடம்பு, ஒரு மலைக்கா பயப்படும்?

பாசஞ்சர் ரயிலில் சேலம் போய், பஸ்ஸில் மலை ஏறினோம். குளிருக்குப் பாய் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டார். காலையில் ஏரிக்கரையில் கூட்டம் நின்றது. பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள், சில போலீஸ்காரர்கள். எங்கள் வயதில் வேறு யாரும் கண்ணில் படவில்லை.

"ரெண்டு பேரும் சேந்தே ஓடணும்னு ஒண்ணும் இல்லண்ணே" என்றார் பாய். "அவங்கவங்க காலு, அவங்கவங்க மூச்சு. நீங்க எனக்காக நிக்காதீங்க."

விசில் ஊதியதும் பையன்கள் அம்பாகப் பாய்ந்தார்கள். நான் பாய்ந்து போகவில்லை. முதல் ஏற்றத்தில் ஆற்றங்கரையை நினைத்துக்கொண்டு சின்னச் சின்ன எட்டாக வைத்தேன். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து மேலே போனது. இரண்டாவது ஏற்றத்திலேயே பாய்ந்துபோன பையன்கள் இடுப்பில் கை வைத்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைத் தாண்டும்போது ஒருவன், "தாத்தா, பாத்துப் போங்க" என்றான்.

"அண்ணன்னு கூப்புடுடா தம்பி!" என்று சொல்லிவிட்டு மேலே போனேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இறக்கத்தில்தான் சிக்கினேன். எங்கள் ஆற்றங்கரையில் ஏறித்தான் பழகினோம்; இறங்கும்போது மணலில் சறுக்கிவிடுவோம். இங்கே இறக்கம் முடிவில்லாமல் நீண்டது. விழுந்துவிடுவோமோ என்று ஒவ்வொரு எட்டிலும் உடம்பைப் பின்னால் இழுத்துப் பிடித்தேன். தொடை இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. நான் தாண்டிய பையன்களே என்னைத் தாண்டிப் போனார்கள். இந்த இறக்கம் இப்படியே போனால் அடுத்த ஏற்றத்துக்குக் கால் மிச்சமிருக்காது என்று தெரிந்தது.

அப்போது தொழிற்சாலைச் சரிவில் களிமண் வண்டி தள்ளுவது நினைவுக்கு வந்தது. பாரமேற்றிய வண்டியைச் சரிவில் இழுத்துப் பிடித்தால் தோள்தான் போகும். அதோடு சேர்ந்து ஓடினால் பாரமே தெரியாது. இந்த உடம்பும் ஒரு வண்டிதானே என்று கையைத் தளர்த்தி, முன்னால் சாய்ந்து, காலை அதன் போக்கில் விட்டேன். முதல் வளைவில் பயந்தேன். இரண்டாவது வளைவில் பயம் போய்விட்டது. மூன்றாவதில் வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேனா என்பது நினைவில்லை. கத்தியிருப்பேன்.

கடைசி ஏற்றம் எல்லாரையும் போல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் எட்டுகூட நடக்காமல் ஓடியே ஏரிக்கரைக்கு வந்தேன். நடுக்கூட்டத்தில் ஒருவனாக வந்திருப்பேன். மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் என் நம்பரை எழுதிக்கொண்டு, கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தார்.

பழத்தைத் தின்று முடித்தேன். பாயைக் காணவில்லை. வந்தவர்களிடம் விசாரித்தேன். "மப்ளர் போட்டவரா? கடைசி ஏத்தத்துல கெண்டக்காலப் பிடிச்சிட்டு நிக்கிறாரு" என்றான் ஒரு பையன். வந்த வழியே திரும்பி ஓடினேன். பாதி ஏற்றத்தில் பாய் கல் மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்குண்ணே மறுபடி எறங்கி வந்தீங்க?"

"குளிருதுன்னு வந்தேன். எழுந்திரிங்க பாய். ஏரி அதோ தெரியுது."

"தெரியலையே?"

"ரெண்டு வளைவு தாண்டினா தெரியும்."

அவர் முறைத்தார், ஆனால் எழுந்துவிட்டார். கொஞ்ச தூரம் நொண்டினார், பிறகு நடந்தார், ஏரி கண்ணில் பட்டதும் மப்ளரை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். நானும் கூடவே ஓடினேன். மேசைக்காரர் அவருடைய நம்பரை எழுதிவிட்டு என் மார்பிலிருந்த நம்பரைப் பார்த்து அதையும் எழுதப் போனார். பேனா பாதியில் நின்றது.

"ஒங்களத்தான் அப்பவே எழுதிட்டேனே சார்?"

"ஆமாங்க. ரெண்டாவது தடவ வந்திருக்கேன்" என்றேன்.

"அப்போ இவருக்கு மட்டும் பழம்" என்றார் அவர் கறாராக. பாய் தன் ஆரஞ்சை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார்.

விருத்தாசலம் ஸ்டேஷனில் ரயில் பெட்டியை விட்டு இறங்க இருவருக்கும் கால் மடங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குவது போல முதுகு காட்டி இறங்கினோம். பிளாட்பாரத்தில் நின்றிருந்த போர்ட்டர் ஓடிவந்து, "அய்யய்யோ, யாருக்கு என்னா ஆச்சுங்க?" என்றார்.

"ஒண்ணும் ஆவல" என்றார் பாய். "மலையில ஓடிட்டு வரோம். அடுத்த வருஷமும் போவோம்."