வாலிபர் சங்கத் தலைவர் குஞ்சிதபாதம்

நாரந்தனைக் குஞ்சிதபாதம் பதினேழு வருடம் வாலிபர் சங்கத் தலைவராக இருந்தார். 1958இல் சங்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு இருபத்தாறு வயது. கொட்டில் போட்டு வாசிகசாலை நடத்தினார்கள். எல்லாச் சாதி இளைஞர்களும் ஒரே வாங்கில் இருந்து பத்திரிகை வாசித்தார்கள், ஒரே விதமான பேணியில் தேநீர் குடித்தார்கள். அதற்காகத் தகப்பன் ஏரம்பு அவரை இரண்டு மாதம் வீட்டுக்குள் எடுக்கவில்லை. வாசிகசாலையிலேயே படுத்தார். மனைவி சிவயோகம் கைக்குழந்தையோடு சோறு கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியில் ஏரம்புதான் இறங்கி வந்தார்.

அறுபத்தொன்றில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் தமிழுக்காகச் சத்தியாக்கிரகம் இருந்து, வெயிலில் மயங்கி விழுந்தார். அதன்பின் வருடா வருடம் போட்டியின்றித் தெரிவானார். உறுப்பினர்களின் தலைமயிர் காதை மூடியது. காற்சட்டை கீழே அகன்றது. தலைவருக்கு வழுக்கை விழுந்தது.

எழுபத்தைந்தில் பொதுக்கூட்டத்துக்கு மகள் விமலாம்பிகை ஆறு தோழிகளோடு வந்து முன்வாங்கில் இருந்தாள்.

"எங்களையும் சேர்க்கவேணும். நாங்கள் கரப்பந்து விளையாடப்போறம்."

"இது வாலிபர் சங்கம், பிள்ளை."

"உங்களுக்கு எத்தினை வயசு, ஐயா?"

"நாப்பத்துமூண்டு."

"நீங்கள் வாலிபர் எண்டால் நாங்களும் வாலிபர்தான்."

பெண்களைச் சேர்க்கும் பிரேரணை நிறைவேறியது. அடுத்தது, வயதெல்லை முப்பது. தன்னை நீக்கும் அந்தப் பிரேரணையை அவரே வாசித்து, வாக்கெடுத்து, நிறைவேறியதென அறிவித்து, கூட்டத்தை முடித்துவைத்தார்.

வீட்டில் மகளோடு பேசவில்லை.

"மாமா உங்களை ரெண்டு மாதம் வீட்டுக்கு வெளியிலை விட்டவர். நீங்கள் இவளை எங்கை விடப்போறியள்?" என்று சிவயோகம் கேட்டாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"அதைத்தான் கேக்கிறன்."

முதல் ஆட்டம் ஊர்காவற்றுறையில். பெண்கள் காற்சட்டையோடு விளையாடுவதா என்று சிலர் பஸ் தரிப்பில் மறித்தார்கள். முன்னால் நின்றவர் வைத்திலிங்கம், சங்கத்தின் முதல் செயலாளர். குஞ்சிதபாதம் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"வைத்தி, விலகும்."

"நீர் உம்மடை மோளை அடக்கும்."

"என்னாலை ஏலாது. அவையள் என்னையே சங்கத்தாலை கலைச்சுப்போட்டினம்."

வைத்திலிங்கம் சற்று யோசித்தார். பிறகு விலகினார். குஞ்சிதபாதம் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, பெண்களுக்குப் பின்னால் பஸ்ஸில் ஏறினார்.

ஆட்டத்தில் படுதோல்வி. திரும்பும்போது அவர் மகளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"பந்தைப் போடேக்கை உன்ரை கை மடங்குது," என்றார்.

"ஓம் ஐயா," என்றாள் விமலாம்பிகை.