கோச்சுக்குப் பூக் கேட்டார்கள்

கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளியின் கூடைப்பந்து அணிக்கு நான் மூன்று வருஷம் வேன் ஓட்டினேன். வேன் ஓட்டுவதோடு வேலை முடியாது. பந்துக்குக் காற்றடிப்பது, பனியன் துவைப்பது, தரையில் வேர்வை விழுந்தால் ஓடிப்போய் மாப் போடுவது, கணுக்கால் பிசகினவனுக்கு ஐஸ் கட்டுவது எல்லாம் நான்தான். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. இங்கே வருவதற்கு முன்னால் கறிக்கோழி லாரியில் கிளீனராக இருந்தேன், மதுக்கரையில் சிமெண்டு மூட்டை ஏற்றினேன். மூட்டை ஏற்றினால் நெஞ்சு கட்டும். கோழி லாரியில் போனால் குளித்தாலும் நாற்றம் போகாது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. எந்த இடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்காதவன் இங்கே மூன்று வருஷம் தங்கியதற்குக் காரணம் மாஸ்டர்.

மாஸ்டர் என்று நாங்கள் கூப்பிட்டது உதவிக் கோச்சை. அந்தியூர்ப் பக்கத்து ஆள். ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர், முழங்கால் போனதால் நிறுத்திக்கொண்டார். காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்பார். கிழித்த தேதித்தாளின் பின்பக்கம் அன்றைய பயிற்சியை எழுதி வைத்திருப்பார். யார் இடது பக்கம் போனால் பந்தை விடுவான், எவன் முந்தின நாள் சாப்பிடவில்லை, எவனுக்கு ஊரில் பிரச்சினை எல்லாம் அவருக்குத் தெரியும். யாரையும் கைநீட்டிப் பேசமாட்டார். என்னைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

ஆறு வருஷத்தில் அவருக்கு மேலே நான்கு தலைமைக் கோச்சுகள் வந்து போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் முதலாளி மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க கவலை, பாத்துக்கலாங்க” என்பார். மாஸ்டர் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அடுத்த மாதம் புது ஆள் வந்து இறங்குவான்.

போன சீசனில் தொடர்ந்து தோற்றோம். சொந்த ஊர் ஆட்டத்திலேயே ஜனங்கள் மூன்றாவது பகுதியோடு எழுந்து பைக் எடுக்கப் போனார்கள். தலைமைக் கோச்சு ஒருநாள் காலை பயிற்சிக்கு வரவில்லை, சாயங்காலம் போனும் எடுக்கவில்லை, அப்படியே போய்விட்டார். மீதி ஆட்டங்களை மாஸ்டர்தான் நடத்தினார். அதில் சிலது ஜெயித்தோம். ஜெயித்த அன்று வேனில் பையன்கள் போட்ட கூச்சலில் எனக்கு ஹாரன் சத்தமே கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் பல்லடத்தில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளிக்கூடம் மாஸ்டரைக் கேட்டது. நிரந்தர வேலை, குடியிருக்க வீடு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். மாஸ்டர் அதைத் தள்ளிக்கொண்டே போனார். தலைமைக் கோச்சு வேலை இந்த முறை தனக்குத்தான் என்று இருந்தார். நானும் அவருக்குத்தான் என்று இருந்தேன்.

மில் ஆபீசில் இண்டர்வியூ வைத்தார்கள். இரண்டே பேர். மாஸ்டர் ஒருவர். இன்னொருவர் பெங்களூரில் இருந்து வந்தவர், முதலாளியின் சம்பந்தி அனுப்பிய ஆள். அவர் படம் போட்டுக் காட்டுவதற்காக புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போனேன், வயர் எட்டாததால் பிளக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

பெங்களூர் ஆள் அம்புக்குறி போட்ட படங்களாக ஓட்டினார். முதலாளியும் அவர் மச்சினனும் படத்தைப் பார்க்கவே இல்லை. “சொந்த ஊரு எதுங்க?” “அப்பா என்ன பண்றாருங்க?” “காங்கயத்துல உங்களுக்கு யாராச்சும் இருக்கறாங்களா?” “நீங்க சைவங்களா?” மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தொடர்ந்து தோற்கிற அணியை என்ன செய்வீர்கள் என்று ஒருவராவது கேட்கவேண்டுமே.

பிறகு மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். தேதித்தாள் கட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முதலாளி அதை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

“உங்ககிட்டக் கேக்கறதுக்கு என்னங்க இருக்குது மாஸ்டர்? நீங்க நம்ம ஊட்டு ஆளு. காப்பி சாப்பிடுங்க.”

காப்பி வந்தது. மாஸ்டர் குடித்தார். இண்டர்வியூ முடிந்தது. வீட்டு ஆள் என்று சொன்னால் அதற்குமேல் ஒன்றும் தரவேண்டியதில்லை. அன்றைக்குப் பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினேன். கரண்டு அடித்ததென்று மச்சினன் நினைத்துக்கொண்டு, “பாத்துப்பா” என்றார்.

இரண்டு நாள் கழித்து முதலாளி சொன்னார், ரெண்டு பேருமே தங்கமானவங்க, நாம எப்படிங்க முடிவு பண்றது, குலதெய்வத்துக்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம் என்று.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பெண் எடுத்தாலும், போர்வெல் போட்டாலும், புதிதாக ஷெட் கட்டினாலும் பூக் கேட்பார்கள். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். எது எதுவென்று தெரியாதபடி வாழை இலையில் சுற்றி நூல் கட்டிச் சாமி காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் மாஸ்டர், செகப்பு வந்தால் பெங்களூர் ஆள். பொட்டலம் கட்ட இதில் சம்பந்தமில்லாத ஆள் வேண்டும். என்னைச் சொன்னார்கள்.

கோயில் பல்லடத்துக்கு இந்தப் பக்கம், தறிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை. வேனை நிறுத்திவிட்டுப் பின்சீட்டில் இலையை விரித்தேன். முதலாளி தனியாக வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“ஒரு ஒத்தாசை கண்ணு. ரெண்டுலயுமே செகப்ப வெச்சுரு.”

எனக்குப் புரியவில்லை. பார்த்தேன்.

“சம்பந்தி ஊட்ல சொல்லிப்போட்டாங்க. தட்ட முடியாது. மாஸ்டர் மொகத்தப் பாத்து வேண்டாமுன்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வருல. சாமி சொன்னா அவரும் சங்கடப்படமாட்டாரு பாரு. யாருக்கும் வருத்தமில்லாமப் போயிரும்.”

முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு அது பொய்யாகவே படவில்லை. மரியாதை என்று நினைத்தார். ஒரு மனுஷனிடம் ‘நீ வேண்டாம்’ என்று இரண்டு வார்த்தை சொல்லக் கூசுகிறது, சாமி காலடியில் களவாணித்தனம் பண்ணக் கூசவில்லை. நான் திட்டும் வாங்கியிருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். திட்டினவர்களும் அடித்தவர்களும் இவரைவிட மேல்.

வெள்ளரளியை எடுத்தேன். ஒரு இலையில் வைத்துக் கட்டினேன். இன்னொரு இலையிலும் வெள்ளையே வைத்தேன். முதலாளியால் வாய் திறக்க முடியாது, திறந்தால் அவர் மானம்தான் போகும். நூலைச் சுற்றும்போது கோயில் மணி அடித்தார்கள்.

நான் சூடம் கொளுத்திக் கும்பிடுகிற ஆள் இல்லை. விரதம் இருந்ததில்லை. ஆனால் அந்த மணிச் சத்தத்தில் ஒரு பொட்டலத்தின் நூலைப் பிரித்து, வெள்ளையை எடுத்துவிட்டுச் செகப்பை வைத்தேன். அதை நேர்மை என்று யாரும் சொல்லவேண்டாம். பயம். சாமியை ஏமாற்றினால் கை கால் போய்விடும் என்று சின்ன வயசில் சொன்னது எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆகவே தட்டில் போனது ஒரு செகப்பு, ஒரு வெள்ளை. முறைப்படி.

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பிரித்தார். செகப்பு.

முதலாளி உச்சுக் கொட்டினார். மாஸ்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நம்ம கையில என்னங்க மாஸ்டர் இருக்குது?” கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். மாஸ்டர் அந்தச் செகப்புப் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “சரிதானுங்க. சாமியே சொன்னதுக்கப்பறம் என்னங்க” என்றார். தூணோரமாக நின்ற பெங்களூர் ஆள் மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

பிரிக்காத பொட்டலத்தை யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிடும்படி முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார். எடுத்தேன். வேனில் கொண்டுபோய் டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டேன். திரும்பி வரும்போது முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நல்ல வேலைக்காரன் என்று.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மாஸ்டர் மைதானத்தில் இருந்தார். எனக்கு ஆச்சரியம் இல்லை, எரிச்சல்தான். வரப்போகிற கோச்சுக்காக ஒவ்வொரு பையனைப் பற்றியும் தனித்தனித் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். மாப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

“பள்ளிக்கூடத்துக்கு எப்பங்க போறீங்க?”

“போகலீங்க தம்பி. இன்னைக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போடறேன். உதவியாவே இங்க இருன்னு சாமி சொல்லிருச்சுல்லங்க. அதுக்கு மேல என்ன?”

மாப்பைக் கீழே போட்டேன். வாளி கவிழ்ந்தது. முதலாளி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தண்ணீர் அவர் தாள்கள் பக்கம் ஓடியது. அவர் எடுக்கவில்லை.

முதல் தாள் நனைந்த பிறகு கேட்டார். “நீங்க என்னங்க வெச்சீங்க?”

உண்மையைச் சொன்னால் அவர் அங்கேயே இருந்துவிடுவார். ஒன்று செகப்பு, ஒன்று வெள்ளை என்றால், அப்ப சாமி சொன்னதுதானே என்று பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவார். எனக்குத் தெரியும். இன்னும் ஆறு வருஷம், இன்னும் நான்கு கோச்சு.

“ரெண்டும் செகப்புங்க” என்றேன்.

அவர் எழுந்து விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். “வண்டிய எடுங்க.”

மில் ஆபீசில் முதலாளி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். “வாங்க மாஸ்டர், வாங்க வாங்க. காப்பி சொல்றேனுங்க.”

“காப்பி வேண்டாமுங்க.”

அந்த ஆபீசில் அதுவரை அந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முதலாளி பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.

“உக்காருங்க மாஸ்டர், எதுவா இருந்தாலும்...”

“உக்காரவும் வேண்டாமுங்க. உங்களுக்குக் கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்குதுங்களா? நீ ஆகமாட்டேன்னு மொத வருசமே சொல்லியிருந்தா நான் என் சோலியப் பாத்துட்டுப் போயிருப்பனுல்லங்க? என்னைய வேண்டாம்னு சொல்றதுக்கு உங்களுக்குச் சாமி கேக்குதுங்களா?”

அத்தனை கோபத்திலும் ஒரு ‘ங்க’ குறையவில்லை. விசிலை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் அவருடைய பழைய தேதித்தாள் கட்டு, இண்டர்வியூ அன்று வைத்த இடத்திலேயே, மேலே ஒரு டம்ளர் வட்டத்தோடு கிடந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர் வெளியே போனதும் முதலாளி என்னைப் பார்த்தார். “ஏங்கண்ணு, சொல்லிப்போட்டயா?”

“ஆமாங்க.”

“உன்னைய நம்பித்தானே சொன்னேன்.” அவர் குரலில் நிஜமான வருத்தம். என்னைப் போகச் சொல்லவில்லை. அதைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. மேனேஜரை விட்டுச் சொல்லச் சொன்னார். திங்கட்கிழமை வரைக்கும் வேன் என் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த வேனிலேயே மாஸ்டரின் சாமான்களைப் பல்லடத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினேன். கட்டில், பீரோ, இரண்டு மூட்டைப் பாத்திரம். அவர் சம்சாரம் அன்று காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார். சூலூர் தாண்டியதும் மழை பிடித்தது. கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்தது. துணி தேடி மாஸ்டர் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பொட்டலம் அவர் கையில் இருந்தது.

இலை காய்ந்து சுருண்டிருந்தது. நூல் தானாகவே அவிழ்ந்தது. பூ வாடிப் பழுப்பேறியிருந்தாலும் அது வெள்ளரளி என்று யாருக்கும் தெரியும்.

அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வண்டியைத் திருப்புங்க என்பார், மறுபடியும் போய் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். பல்லடத்துக்குள் நுழையும்போது கண்ணாடியை இறக்கி, இலையும் பூவுமாக வெளியே போட்டார்.

“ஒண்ணு வெள்ளை வெச்சிருக்கறீங்க.”

“ஆமாங்க.”

“அவரு சொன்னதக் கேக்கல.”

“கேக்கலீங்க.”

“ஏண்டா,” என்றார். மூன்று வருஷத்தில் அவர் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை. “கட்டறதுதான் கட்டினே. ரெண்டும் வெள்ளையா வெச்சுத் தொலைச்சிருக்கலாமில்லடா?”

பள்ளிக்கூடத்து கேட் வந்தது. இறங்கி மழையில் நனைந்துகொண்டே கட்டிலின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன்.